நான்கு பாட்டின் எல்லை

காரைக்காலில் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவின்போது, பவளக்கால் சப்பரத்தில் எழுந்தருளும் பிட்சாடனரைத் தரிசிக்க வந்த கூட்டத்தின்மீது வீதியின் இரு புறத்து மாடிகளிலிருந்தும் மாம்பழங்கள் வந்து விழுவதும், அவற்றைப் பிடிப்பதற்காக முந்தானைகளும் மேல்துண்டுகளும் விரிவதும் இந்தப் பிரதேசத்தார் அனைவரும் கண்ட காட்சி. அதே வீதிகளில், ஏறக்குறைய அதே உயரத்திலிருந்து, இன்னொரு பொருளும் எங்கள்மீது விழுந்துகொண்டிருந்தது. குழாய் என்று எங்கள் ஊரார் சொல்லும் கூம்பு ஒலிபெருக்கியின் வாய்வழியாக வந்த சினிமாப் பாட்டே அது. பழத்தைப் பிடித்தவர் மடியில் கட்டிக்கொண்டு போனார்; பாட்டைப் பிடித்தவர் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மேல்நாட்டு ராக் சங்கீதத்தின் ரசிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பத்தாண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டு, அதில் வெளிவந்த இ.பி. தட்டுகளுள் தமக்கு உவந்தவை இவை என்று வரிசைப்படுத்திக் காரணங்களோடு எடுத்துரைப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. ஒரு வகையில் அது விமர்சனமுமாகும். 1960 முதல் 1969 வரையான பத்தாண்டை எடுத்துக்கொண்டு, காரைக்காலில் வளர்ந்த ஒரு சாதாரண ரசிகன் அத்தகைய பட்டியலைத் தயாரிக்கப் புகுந்தால், அவனுக்கு எந்தெந்தத் தட்டுகள் கிடைக்கும், அவற்றுள் ராக் என்று சொல்லத்தக்கது எவ்வளவு இருக்கும், அந்தத் தேர்வு உண்மையில் அவனுடையதுதானா என்னும் மூன்று கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டும் அதன் அளவும்

இசைத்தட்டின் முதல் அரை நூற்றாண்டு அரக்கின் காலம். சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளின்மேல் சிறு பூச்சிகள் கட்டிய அரக்கே கப்பலேறிச் சென்று, உலகமெங்கும் சுழன்ற தட்டுகளுக்கு மூலப் பொருளாயிற்று. நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷப் பாட்டுக்கு மேல் இடமில்லை. 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் தட்டுக்காகப் பாடிய நாள் முதல், இரவெல்லாம் ஊரைத் தூங்கவிடாமல் தோடி வாசிக்க வல்ல திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தட்டில் ஏறிய நாள் வரையில், வித்துவான்கள் அனைவரும் இந்த எல்லைக்கு அடங்கியே தங்கள் கலையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிஷத்துக்கு 33⅓ தடவை சுற்றும் நெடுந்தட்டாகிய எல்.பி.யைக் கொண்டுவர, மறு ஆண்டே அதன் போட்டியாளரான ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 தடவை சுற்றும் ஏழு அங்குலச் சிறு தட்டை வெளியிட்டது. அரக்குக்குப் பதிலாக வினைல் என்னும் பிளாஸ்டிக்கும், முரட்டு முள்ளுக்குப் பதிலாக மென்மையான முள்ளும், அகன்ற பள்ளத்துக்குப் பதிலாக நுண்ணிய பள்ளமும் வந்தபடியால், அந்தச் சிறு தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பாட்டுகளை அடக்கலாம் என்பது சீக்கிரத்திலேயே தெளிவாயிற்று. நீட்டிக்கப்பட்ட தட்டு என்னும் பொருள்பட அதற்கு இ.பி. என்று பெயர் வந்தது. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனம் 1954-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960 மார்ச்சு முதல் 1967 டிசம்பர் வரையில் இ.பி. தட்டுகளுக்கென்றே அங்கே தனி விற்பனை வரிசைப் பட்டியல் ஒன்று வாரந்தோறும் வெளிவந்ததிலிருந்து அதன் செல்வாக்கை ஊகிக்கலாம்.

நம் நாட்டில் பழையது அவ்வளவு எளிதில் விடைபெறவில்லை. மின்சாரம் எட்டாத கிராமங்களில் கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றும் கிராமபோன் பெட்டிகளே இருந்தபடியால், கல்கத்தாவை அடுத்த டம்டம்மிலிருந்த ஆலை புதிய சிறு தட்டுகளோடு பழைய 78-களையும் அச்சிட்டுக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் 1960-களின் நடுவில்கூட 78 வேகத் தட்டுகளாக நம் நாட்டில் வெளிவந்தன என்பதும், இன்று உலகமெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் அந்தத் தட்டுகளைத் தேடி அலைகிறார்கள் என்பதும் தட்டுச் சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. எனவே நம் பக்கத்தில் இ.பி. என்பது நாகரிகத்தின் அடையாளமாகவே வந்து சேர்ந்தது: மின்சாரம் வந்துவிட்ட ஊரின் தட்டு அது.

கலைக்கு எல்லை விதிக்கும் இந்த அளவுகளைப் பற்றி நினைக்கும்போது, காரைக்காலைச் சேர்ந்தவனுக்கு உடனே ஞாபகம் வருவது பேயார் என்று போற்றப்படும் எங்கள் காரைக்கால் அம்மையார். அவர் அருளிய அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. திருவிரட்டை மணிமாலை 20 பாட்டுகள் கொண்டது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் பதினொரு பாட்டுகள் கொண்டவை. நீண்டது, இடைத்தரமானது, குறுகியது என்ற மூன்று அளவுகளையும் அவர் கையாண்டிருக்கிறார். அவற்றுள் நட்டபாடைப் பண்ணிலும் இந்தளப் பண்ணிலும் பாடுவதற்கென்று அமைந்தவை குறுகிய பதிகங்களே. பின்னர் வந்த தேவார முதலிகளும் கேட்பவர் மனத்தில் முழுதாகத் தங்குவதற்கு இந்த அளவே ஏற்றதென்று கண்டு, பதிகத்தையே தங்கள் பிரதான வடிவமாகக் கொண்டார்கள். பக்தி இலக்கியத்தோடு சினிமாத் தட்டை ஒப்பிடுவது அபசாரம் என்று எண்ணுவோர் மன்னிக்க வேண்டும்; இங்கே நான் ஒப்பிடுவது அளவின் தர்மத்தை மட்டுமே. இவ்வளவுதான் இடம் என்று தெரிந்தவன் எதை விடுவது என்பதை முதலில் தீர்மானிக்கிறான். இ.பி. தட்டின் சுவை அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது.

பாரிஸின் நான்கு, சென்னையின் நான்கு

1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் இந்திய நிர்வாகத்துக்கு மாறியது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் அங்கீகாரம் பெற்று, 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதியன்றுதான் சட்டப்படி நிறைவேறிற்று. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள விரும்பியவர்களுக்கு அவகாசம் தரப்பட்டது. பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற சொல்தாக்களின் குடும்பங்கள் பலவும் அவ்வாறே தேர்ந்துகொண்டன. அதே 1962-இன் அக்டோபர் 28-ஆம் தேதி இரவு, பிரெஞ்சு அதிபர் தெகோல் நடத்திய பொதுவாக்கெடுப்பின் முடிவுகளுக்காகப் பிரான்ஸ் முழுவதும் தொலைக்காட்சியின் முன் காத்திருந்தபோது, இடையே கிட்டாரும் கையுமாகத் தோன்றிய பிரான்ஸுவாஸ் ஆர்தி என்ற பதினெட்டு வயதுப் பெண் ஒரே இரவில் தேசப் பிரசித்தி அடைந்தாள். வோக் நிறுவனம் வெளியிட்ட அவளுடைய முதல் தட்டு நான்கு பாட்டுகள் கொண்ட இ.பி.

பிரான்ஸின் தட்டு வியாபாரத்தில் இ.பி. வகித்த ஸ்தானம் வேறெங்கும் அதற்குக் கிட்டவில்லை. சூப்பர் 45 என்று அவர்கள் அழைத்த அந்தத் தட்டு, கனத்த அட்டையில் பளபளக்கும் வண்ணப் படத்தோடு, பாடகரின் முகத்தையே விளம்பரமாகக் கொண்டு வந்தது. ஜானி ஆலிதே 1960-இல் ராக் அண்ட் ரோலைப் பிரெஞ்சு மொழியில் பாடத் தொடங்கியதும், 1963 ஜூன் 22-ஆம் தேதி பாரிஸின் நாசியோன் சதுக்கத்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர் திரண்டு ஊரையே திகைக்க வைத்ததும், ஆங்கிலப் பாட்டுகளில் வரும் ஆமோதிப்பு ஒலியைக் கொண்டு அந்தச் சங்கீதத்துக்கு யே-யே என்று பெயர் நிலைத்ததும் இந்தச் சிறு தட்டின் ஆதிக்கத்தில் நடந்தவையே. பீட்டில்ஸ் பாட்டுகளும் அங்கே பெரும்பாலும் நான்கு நான்காகவே விற்பனையாயின. அவற்றை வெளியிட்ட முத்திரையின் பெயர் ஓடியன்.

அந்தப் பெயர் தமிழனுக்கு அந்நியமானதன்று. சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தமிழ்ப் பாட்டுகளைத் தாங்கி வந்த முத்திரைகளுள் ஓடியனும் ஒன்று, பின்னாளில் ஏவி.எம். ஸ்டூடியோவை நிறுவிய மெய்யப்பச் செட்டியார் தட்டு வியாபாரத்தில் முதல் அனுபவம் பெற்றதும் அந்த ஸ்தாபனத்திலேயே. எங்கள் வீதியில் ஒரு சொல்தா வீட்டில் விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கொண்டுவந்திருந்த பிரெஞ்சுத் தட்டுகளையும், அடுத்த வீட்டுத் திண்ணையில் சுழன்ற தமிழ்த் தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வடிவத்தில் இரட்டைப் பிள்ளைகளாகிய அவை சுபாவத்தில் எவ்வளவு வேறுபட்டவை என்பது எனக்கு விளங்கிற்று.

பிரெஞ்சுத் தட்டிலும் ஆங்கிலத் தட்டிலும் நான்கு பாட்டையும் பாடுபவர் ஒருவரே அல்லது ஒரு குழுவே. 1963 ஜூலையில் வெளிவந்த பீட்டில்ஸின் ட்விஸ்ட் அண்ட் ஷவுட் என்னும் இ.பி.யை எடுத்துக்கொண்டால், நான்கு பாட்டும் அவர்களுடைய முதல் எல்.பி.யிலிருந்து பொறுக்கியவை; ஒரே நாள் ஒலிப்பதிவில், ஜலதோஷத்தால் கம்மிய தொண்டையோடு லென்னன் கடைசியாகப் பாடி முடித்த பாட்டே அந்தத் தட்டுக்குப் பெயர் தந்தது. மறு ஆண்டு வந்த லாங் டால் ஸாலி, இங்கிலாந்தில் எல்.பி. எதிலும் சேராத நான்கு பாட்டுகளைக் கொண்டு தன் காலிலேயே நின்றது. இரண்டும் ஒரு குழுவின் சுயப் பிரகடனம். தமிழ் இ.பி.யோ ஒரு படத்தின் பிரதிநிதி. அதிலே ஒரு பாட்டை டி.எம். சௌந்தரராஜன் பாடுவார், அடுத்ததை பி. சுசீலா, திருப்பிப் போட்டால் பி.பி. ஸ்ரீனிவாஸ், அதன்பின் எல்.ஆர். ஈஸ்வரி. ஒன்று தாலாட்டு, ஒன்று காதல், ஒன்று தத்துவம், ஒன்று கும்மாளம். ஏழெட்டுப் பாட்டுகள் உள்ள படமானால் இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரித்து, எல்லா ரசமும் எல்லாத் தட்டிலும் சிறிது சிறிது விழும்படி பங்கிட்டு வைத்திருப்பார்கள்.

இதனால் விளைந்தது என்னவென்றால், முழுக்க முழுக்க ராக் என்று சொல்லத்தக்க தமிழ் இ.பி. எதையும் 1960-களில் நாங்கள் கேட்கவில்லை. ராக் எங்களுக்கு வாய்த்தது ஒரு தட்டின் ஒரு பக்கத்தில், அந்தப் பக்கத்திலும் ஒரு பாதியில். சென்னையின் இரவு விடுதிகளில் ஆங்கிலத்தில் பாடிய குழுக்களும், அவ்வாறு பாடத் தொடங்கி 1968-இல் ஆங்கிலப் பாட்டுகளைத் தட்டில் ஏற்றிய உஷா ஐயரும் - பின்னாளில் உஷா உதுப் என்று நாடறிந்தவர் - இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சங்கீதம் எங்கள் ஊர் அரசலாற்றங்கரை வரையில் நடந்து வரவில்லை. கடலுக்கு அப்பால் நித்தி கனகரத்தினமும் ஏ.இ. மனோகரனும் கிட்டாரோடு, சினிமாவின் தயவின்றி, யாழ்ப்பாணத் தமிழிலேயே பாடி வளர்த்த பொப்பிசை அடுத்த பத்தாண்டில்தான் தட்டுகளாகப் பரவிற்று.

முள் வைப்பவரின் கலை

காரைக்காலில் 1960-களில் தட்டு வாங்கி வைத்துக் கேட்கும் வசதியுள்ள வீடுகள் சொற்பம். வானொலி ஓரளவு இருந்தது. 1952-இல் மத்திய மந்திரி பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கி வைத்த நாள் முதலாக, 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்த பின்னரும்கூட, டெல்டாக் கரையோரத்து ரசிகர்கள் இலங்கை வானொலியையே நம்பியிருந்தார்கள். ஆனால் வானொலியில் என்ன வரும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. தட்டைத் தன் கையால் எடுத்து, தன் மனத்துக்குத் தோன்றிய வரிசையில், ஊர் முழுவதும் கேட்கும்படி போடும் அதிகாரம் ஒருவருக்கே இருந்தது. அவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த மைக்செட்காரர்.

கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை, மாதா கோயில் தேர், தர்கா கந்தூரி, அரசியல் கூட்டம் ஆகிய யாவற்றுக்கும் அவர் வேண்டும். அஹூஜா ஆம்ப்ளிஃபையர் ஒன்று, தட்டுச் சுழலும் பெட்டி ஒன்று, குழாய்கள் இரண்டு, தட்டுகள் அடுக்கிய தகரப் பெட்டி ஒன்று - இவையே அவருடைய ஆஸ்தி. விடியற்காலையில் விநாயகர் பாட்டில் தொடங்கி, முருகன் பாட்டுக்கு நகர்ந்து, முகூர்த்தம் நெருங்கும்போது மங்களகரமான படப் பாட்டுகளைப் போட்டு, சாப்பாட்டுப் பந்தியின்போது காதல் பாட்டுகளையும், வெயில் தாழ்ந்தபின் இளைஞர்களின் கெஞ்சலுக்கிணங்கிக் கும்மாளப் பாட்டுகளையும் எடுப்பார். பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து முகத்தைச் சுளித்தால் உடனே சீர்காழி கோவிந்தராஜனுக்குத் தாவுவார். எந்த நேரத்துக்கு எது பொருந்தும் என்ற அவருடைய ஞானம், காலத்துக்கேற்ற ராகம் என்று நாதஸ்வர வித்துவான்கள் போற்றிய சம்பிரதாயத்தின் தூரத்து உறவு என்றே சொல்வேன்.

இ.பி. தட்டு அவருடைய கலைக்கு ஒரு புதிய நுட்பத்தைக் கொடுத்தது. 78 தட்டில் பக்கத்துக்கு ஒரே பாட்டு. முள்ளை விளிம்பில் வைத்தால் போதும். இ.பி.யிலோ பக்கத்துக்கு இரண்டு. இரண்டாவது பாட்டு வேண்டுமானால், இரு பாட்டுகளுக்கும் நடுவே தட்டின்மேல் மெல்லிய கருநாடாவைப் போல் மினுங்கும் இடைவெளியைக் கண்டு, கை நடுங்காமல் முள்ளை அங்கே இறக்க வேண்டும். தவறினால் முதல் பாட்டின் கடைசிச் சொல் ஊர் முழுதும் கேட்கும். பந்தலில் சிரிப்பு எழும். தட்டில் அரைப் பக்கமாக ஒளிந்திருந்த ராக்கை வீதிக்குக் கொண்டுவந்தது இந்த முள் வைக்கும் திறமை. கம்பெனிக்காரர் பங்கிட்டுக் கலந்து வைத்ததை அவர் மீண்டும் பிரித்தெடுத்தார். நான்கு படங்களின் நான்கு அரைப் பக்கங்களை அடுத்தடுத்துப் போட்டு, எந்தக் கம்பெனியும் வெளியிடாத ஒரு ராக் இ.பி.யை அந்தி நேரத்தில் உண்டாக்கினார்.

ஐந்து தட்டுகள்

அவ்வாறு கேட்டவற்றுள் என் மனத்தில் நிலைத்தவை ஐந்து.

முதலாவது, 1964-இல் ஸ்ரீதரின் இயக்கத்தில் வந்த காதலிக்க நேரமில்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் அமைத்த அந்தப் படத்தின் பாட்டுகளில் ஸ்பானியச் சாயலும் வால்ட்ஸ் நடையும் தாராளமாக உண்டு. ஆனால் புதுமுகமான ரவிச்சந்திரன், வேலையிலிருந்து நீக்கப்பட்ட கோபத்தில், பணக்கார முதலாளியின் வீட்டு வாசலில் கூடாரமடித்துத் தோழர்களோடு வேலை கேட்டுப் பாடும் பாட்டுக்கு ஈடு அதில் வேறில்லை. கிட்டாரும் கைத்தட்டலும் ராக் அண்ட் ரோலுடையவை. ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் ஏற்றுச் சொல்லும் அமைப்போ நம் பஜனை மடத்துக்கும் அரசியல் ஊர்வலத்துக்கும் உரியது. கோஷம் போடப் பழகிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு, கோஷமே தாளத்தோடு வந்தபோது அது அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை. அதே படத்தின் தலைப்புப் பாட்டைத் தேவாரக் குரலுடைய சீர்காழி கோவிந்தராஜன் பாடியிருப்பது, எங்களுக்கு வடக்கே சிறிது தூரத்திலுள்ள ஊரின் மண்ணும் அந்த நாகரிகக் கூட்டத்தில் வந்து கலந்துகொண்டதைப் போல் இருந்தது.

இரண்டாவது, 1966 பொங்கலுக்கு வந்த அன்பே வா. ஏவி.எம். தயாரிப்பு, ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், வாலியின் பாட்டுகள், ராமமூர்த்தியைப் பிரிந்தபின் தனித்து நின்ற எம்.எஸ். விஸ்வநாதனின் இசை. அமெரிக்காவில் 1960-இல் சபி செக்கர் பரப்பிய ட்விஸ்ட் நடனம் ஆறாண்டுகள் கழித்து எம்.ஜி.ஆரின் கால்களுக்கு வந்து சேர்ந்தது. கதாநாயகனைக் கேலி செய்ய வந்த கல்லூரி மாணவர் கூட்டத்தை அவன் ஆடித் தோற்கடிக்கும் கட்டத்தில், டி.எம். சௌந்தரராஜனின் குரல் கேட்கிறது. முருகன் பாட்டுகளால் வீடுதோறும் புகுந்த அந்தக் கம்பீரக் குரல், ட்விஸ்ட்டின் துள்ளலுக்காகத் தன் கனத்தைக் குறைத்துக்கொள்ளாமலே ஓடுவதைக் கேட்கும்போது, தேரை ஓட்டப் பந்தயத்தில் விட்டதைப் போன்ற ஒரு பரவசம் உண்டாகிறது. ராக் சங்கீதம் தமிழில் கனத்த சாரீரத்தோடும் வாழ முடியும் என்று எனக்கு முதலில் நிரூபித்தது இந்தத் தட்டே.

மூன்றாவது, அதே 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட வல்லவன் ஒருவன். ஜெய்சங்கர் துப்பறியும் படங்களின் வரிசையில் வந்தது அது. இசையமைத்த வேதா, இந்தி மெட்டுகளைத் தமிழுக்குப் பெயர்ப்பவர் என்று அந்நாளில் சற்றே இளக்காரமாகப் பேசப்பட்டவர். மெட்டு எங்கிருந்து வந்தாலும், அதைத் தாங்கிய ஓசையில் அவருக்கென்று ஒரு மர்மம் இருந்தது. பளிங்கு மாளிகையொன்றைக் கற்பனை செய்து பாடும் அந்தத் தனிப் பாட்டில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல், பெரிய காலி மண்டபத்தின் கோடியிலிருந்து வருவதைப் போல எதிரொலியோடு நம்மை அழைக்கிறது. குழாய் ஒலிபெருக்கியில், இரவு வயல்வெளியைத் தாண்டி அதைக் கேட்டவர்களுக்கு ஒலிப்பதிவு அறையின் எதிரொலி எங்கே முடிகிறது, வயலின் எதிரொலி எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

நான்காவது, 1967-இல் வந்த அதே கண்கள். மீண்டும் ஏவி.எம்., மீண்டும் திருலோகசந்தர், மீண்டும் வேதா. வீட்டுக்குள்ளே கொலைகாரன் மறைந்திருக்கும் கதையாதலால், கொண்டாட்டப் பாட்டிலும் அச்சத்தின் நிழல் ஒன்று படிந்திருக்கிறது. மின்சாரக் கிட்டாரின் கூர்மையும் டிரம்ஸின் அவசரமும் ராக்கின் மகிழ்ச்சியை மாத்திரம் அல்லாமல் அதன் கலவரத்தையும் தமிழ்க் காதுகளுக்கு அறிமுகப்படுத்தின. மற்ற நான்கு தட்டுகளையும் பகலிலும் போடலாம்; இது அந்திக்குப் பின்னரே போட வேண்டியது என்பது மைக்செட்காரரின் அபிப்பிராயம்; என் அபிப்பிராயமும் அதுவே.

ஐந்தாவது, 1969 தீபாவளிக்கு வந்த சிவந்த மண். ஐரோப்பாவுக்குச் சென்று படமெடுத்த ஸ்ரீதர், பாரிஸையும் ஆல்ப்ஸ் மலையையும் தமிழ்க் கொட்டகைகளுக்குக் கொண்டுவந்தார். சொல்தா வீட்டுக் கடிதங்களில் மட்டும் கண்ட நகரத்தை எங்கள் ஊரார் திரையில் பார்த்தார்கள். ஆயினும் அந்தப் படத்தின் ஒலி உச்சம் ஐரோப்பாவில் இல்லை. அரபு நாட்டு வேஷத்தில், சாட்டையடிக்கு நடுவே காஞ்சனா ஆடும் நடனத்துக்கு ஈஸ்வரி பாடிய பாட்டே அது. ஒவ்வொரு சாட்டை வீச்சுக்கும் குரல் துடித்து, மறுபடி நிமிர்ந்து, சிரிப்பா வேதனையா என்று பிரிக்க முடியாத ஓர் ஒலியாக வெளிவருகிறது. மேல்நாட்டு ராக் பாடகர்கள் கத்தலைச் சங்கீதமாக்கினார்கள் என்று புகழ்வோர், மெட்டை விட்டு இம்மியும் நழுவாமல் அந்தக் காரியத்தைச் செய்த நம் பாடகியை ஒருமுறை கேட்க வேண்டும்.

இந்த ஐந்துக்கும் ஊடுபாவாக ஒரு குரல் ஓடுகிறது என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். கத்தோலிக்கக் குடும்பத்தில் லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயரோடு பிறந்து, கோரஸ் பாடகியாகத் தொடங்கி, 1961-இல் பாசமலர் படத்தின் கல்யாணப் பாட்டால் அடையாளம் பெற்று, கிளப் நடனப் பாட்டுகளுக்கே உரியவர் என்று ஒதுக்கப்பட்ட ஈஸ்வரி, பின்னர் பாடிய அம்மன் பாட்டுகள் ஆடி மாதத்தில் ஒலிக்காத தெரு தமிழ்நாட்டில் இல்லை. ஒரே மைக்செட்காரர், ஒரே தகரப் பெட்டியிலிருந்து, ஒரே குரலின் இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றை மாரியம்மன் சந்நிதிக்கும் மற்றொன்றைக் கல்யாணப் பந்தலுக்கும் போட்டார். கேட்டவர்கள் எவரும் முரண்பாடு என்று முறையிடவில்லை.

பட்டியலுக்கு வெளியே நின்றுகொண்டு கதவைத் தட்டும் ஆறாவது குரல் ஒன்று உண்டு. தெற்கே சிறிது தூரத்திலுள்ள நாகூரின் இ.எம். ஹனீபா அவர்களுடையது அது. அவருடைய இஸ்லாமிய கீதங்களிலும் திராவிட இயக்கப் பாட்டுகளிலும் மின்சாரக் கிட்டார் இல்லை, ட்விஸ்ட் இல்லை. ஆனால் உச்ச ஸ்தாயியில் தயங்காமல் ஏறி நின்று கூட்டத்தைக் கட்டியாளும் அந்தச் சாரீரத்தின் வேகத்தைக் கேட்டபின், ராக் என்பது வாத்தியங்களின் பெயரா, தொண்டையின் துணிவுக்குப் பெயரா என்ற சந்தேகம் எனக்கு இன்றளவும் தீரவில்லை.

பட்டியல் யாருடையது

இங்கிலாந்தில் இ.பி.யின் தனிப் பட்டியல் 1967 டிசம்பரில் நின்றது. அதே மாதத்தில் பீட்டில்ஸ் ஆறு பாட்டுகளை இரட்டை இ.பி.யாக, படப் புத்தகத்தோடு வெளியிட்டது, அணையப்போகும் விளக்கின் சுடரைப் போன்றது. பிரான்ஸிலும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இரண்டு பாட்டுத் தட்டும் எல்.பி.யும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தமிழகத்தில் அது மேலும் பத்தாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது, 1973-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த காரைக்கால் அம்மையார் படத்தின் பாட்டுகளும், 1976-இல் அன்னக்கிளி மூலம் இளையராஜா கொண்டுவந்த புதுக்காற்றும் எங்கள் வீதிக்குச் சிறு தட்டாகவே வந்து சேர்ந்தன. பின்னர் ஒலிநாடாக்கள் வந்தன. கடைவீதிகளில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெற்று நாடாவோடு துண்டுக் காகிதத்தில் பாட்டுகளின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிஷத்துக்கோ தொண்ணூறு நிமிஷத்துக்கோ பதிவு செய்து தருவார்கள்.

அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் எங்கள் ஊரில் தனி மனிதனுடைய பட்டியல் பிறந்தது என்பது என் முடிவு. அதற்கு முன்பு விருப்பம் என்பது வீதிக்குச் சொந்தமாயிருந்தது. எந்தப் பாட்டு உயர்ந்தது என்பதை, மறுபடி போடச் சொல்லிப் பந்தலுக்குப் பின்னால் வந்து நின்ற பையன்களும், முகம் சுளித்த பெரியவர்களும், பாத்திரம் துலக்குகையில் கூடவே முணுமுணுத்த பெண்களும், இவர்கள் எல்லோருக்கும் நடுவிலே முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். லண்டன் ரசிகன் தன் அறையில் உட்கார்ந்து தன் தட்டுகளை எண்ணிய அந்த வருஷங்களில், எங்களுக்கு அறையுமில்லை, தட்டுமில்லை. காது மட்டும் இருந்தது.

ஆகவே மேலே நான் வரிசைப்படுத்திய ஐந்தையும் என்னுடைய தேர்வு என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாயிருக்கிறது. எழுதி முடித்தபின் வரிசையை மறுபடியும் பார்த்தேன். படங்கள் வெளியான ஆண்டு முறைப்படி அடுக்கியதாகவே எண்ணியிருந்தேன். அந்தி வந்தபின் எங்கள் வீதி முனைப் பந்தலில் தகரப் பெட்டியிலிருந்து அவர் ஒவ்வொன்றாக எடுத்த முறையும் அதுவாகவே இருந்தது. சிவந்த மண் முடிந்ததும் அவர் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, முள்ளைத் துணியால் துடைத்து, மூடியைச் சாத்துவார். நானும் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.